அகச்சிவப்பு வெம்மையும் உடல்நலமும்

மார்கழித் திங்களின் வைகறையில், பூந்தமல்லிக்கு மேற்கே அமைந்த எங்கள் குத்தம்பாக்கத்தில், தெருமுனையிலே சருகுகளைக் கூட்டித் தீமூட்டிக் குளிர்காய்வார் இன்றும் உளர். அத்தீயைச் சூழ்ந்து நிற்போர் இரண்டு செய்திகளைத் தம்மையறியாமலே கற்றுக்கொள்கின்றனர். முகமும் மார்பும் வெதும்பும் வேளையில் முதுகு குளிர்ந்தே இருக்கின்றது என்பது ஒன்று. இடையிலே ஒருவர் வந்து நின்றால் அந்நொடியே வெம்மை மறைகின்றது. அவர் விலகியதும் அந்நொடியே மீள்கின்றது என்பது மற்றொன்று. சூழ்ந்துள்ள காற்றுச் சூடேறி, அக்காற்றே நம்மைச் சுடவைப்பதாயின் இவ்வாறு நிகழாது. காற்றுக்கு முன்பக்கம் பின்பக்கம் என்னும் வேறுபாடு இல்லை அன்றோ? ஆதலின், தீயினின்று நேர்க்கோட்டிற் புறப்பட்டு வரும் ஏதோ ஒன்று நம் தோலைத் தொடுகின்றது என்பது பெறப்படும். கண்ணுக்குப் புலனாகாத அதனையே அறிவியலார் அகச்சிவப்புக் கதிர் என்பர்.

இக்கதிரைக் கொண்டு உடலை வெதுப்பி நோவு தீர்க்கும் முறை இந்நாளிற் பெரிதும் பேசப்படுகின்றது. ஒருவர் இருவர் அமரத்தக்க சிறு மர அறையின் சுவர்களில் வெப்பத் தகடுகளைப் பதித்து, மின்விசையால் அவற்றைச் சூடாக்கி, அவற்றினின்று வீசும் கதிர் உடல் முழுவதும் படுமாறு அமர்த்துகின்றனர். இதனை அகச்சிவப்புச் சௌனா என்று வழங்குவர். நகர்களில் இத்தகைய அறைகள் கட்டணத்திற்குக் கிடைக்கின்றன. வீட்டில் வைத்துக்கொள்ளும் சிறு விளக்குகளும் விலைக்கு வருகின்றன. மூட்டுவலி நீங்கும், நஞ்சு வெளியேறும், பருமன் குறையும், இதனால் தீராத நோயே இல்லை என்று விளம்பரங்கள் முழங்குகின்றன. இவற்றுள் மெய் எத்துணை, புனைந்துரை எத்துணை, யாருக்கு இது நன்மை, யாருக்குத் தீமை என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். தமிழ் பயிலும் மாணவனுக்கு இவ்வாராய்ச்சி எதற்கு என்று அன்பர்கள் வினவலாம். எங்கள் இல்லத்தில் நிகழ்ந்த ஒரு துயரமே என்னை இதில் ஈடுபடுத்திற்று. அதனை உரிய இடத்திற் கூறுவேன்.

முன்னோர் கண்ட முறை:— வெம்மையை மருந்தாகக் கொள்ளுதல் தமிழர்க்குப் புதியது அன்று. சித்த மருத்துவ நூலோர் புறமருந்துகளை 32 வகையாகப் பகுத்தனர். அவற்றுள் ஒற்றடம், வேது, பொட்டணம் முதலியன வெம்மையின் துணைகொண்டு செய்யப்படுவன. தவிடு, உப்பு, மணல் முதலியவற்றை வறுத்துத் துணியில் முடிந்து, நோவுள்ள இடத்தில் ஒற்றுவது ஒற்றடம். நொச்சி முதலிய தழைகளைக் கொதிநீரில் இட்டுப் போர்வையால் மூடிக்கொண்டு, எழும் ஆவியை உடலில் ஏற்பது வேது. மருந்துச் சரக்குகளை மூட்டையாகக் கட்டிச் சூடேற்றி ஒற்றுவது பொட்டணம். இவை ஏட்டளவில் நின்றுவிட்டவை அல்ல. தாம்பரம் சானடோரியத்தில் 2005ஆம் ஆண்டு நாட்டுக்கு ஒப்படைக்கப்பெற்ற தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் புறமருத்துவம் இன்றும் கற்பிக்கப்படுகின்றது. எங்கள் ஊரினின்று பூந்தமல்லி நெடுஞ்சாலை வழியே கிழக்கு நோக்கிச் சென்றால் அரும்பாக்கம் வரும். அங்கே 2000ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற அரசினர் யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரியும் அதனைச் சார்ந்த மருத்துவமனையும் உள்ளன. நீராவிக் குளியல் இயற்கை மருத்துவத்தின் வழக்கமான முறைகளுள் ஒன்று.

ஈண்டு ‘ஒற்றடம்’ என்னும் சொல்லைச் சிறிது நோக்குவோம். ஒற்றுதலாவது மெல்ல அழுத்தி உடனே எடுத்தல். கண்ணீரை ஒற்றுகின்றோம், காயாத மையைத் தாளினால் ஒற்றுகின்றோம். ஒரு பொருளின்மேல் மற்றொன்றை வைத்துவிட்டு மறந்து போவதை ஒற்றுதல் என்று எவரும் கூறார். எனவே, வைப்பதும் எடுப்பதும் இம்முறையின் உயிர் என்பதைப் பெயரே அறிவிக்கின்றது. எடுத்த இடைவெளியில்தான் ஒற்றுபவர் ‘சுடுகின்றதா?’ என்று கேட்கின்றார். நோயாளி விடை சொல்லுகின்றார். இச்சொல்லுக்குப் பின்னர் மீண்டும் வருவோம்.

வெம்மை செல்லும் வழிகள்:— ஒரு பொருளினின்று மற்றொரு பொருளுக்கு வெப்பம் மூன்று வழிகளிற் செல்லும் என்பது பள்ளியிலே நாம் கற்றது. தொட்ட பொருளுக்கு நேரே செல்வது கடத்தல், ஒற்றடம் இவ்வழியது. காற்றும் நீரும் தாம் நகர்ந்து வெப்பத்தைச் சுமந்து செல்வது சலனம். வேதில் ஆவி இவ்வாறு வந்து, தோலின்மேற் குளிர்ந்து நீராகும்போது தன்னுள் அடங்கிய வெப்பத்தையும் அதற்குக் கொடுத்துவிடுகின்றது. இடையில் எப்பொருளின் துணையும் வேண்டாது வெளியூடே பாய்வது கதிர்வீச்சு. கதிரவனின் வெம்மை நம்மை அடைவதும், மார்கழித் தீ முகத்தை வெதுப்புவதும், அகச்சிவப்பு அறை உடலைச் சூடாக்குவதும் இம்மூன்றாம் வழியால் ஆவன.

இக்கதிரை முதன்முதற் கண்டறிந்தவர் வில்லியம் ஹெர்ஷல் என்னும் வானூலறிஞர். 1781இல் யுரேனஸ் என்னும் கோளைக் கண்ட பெருமையும் இவருடையதே. 1800ஆம் ஆண்டு இவர் கதிரவன் ஒளியை முப்பட்டகத்தின் வழியே செலுத்தி, ஊதா முதல் சிவப்பு ஈறாக அது பிரிந்து விழுமாறு செய்தார். ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்து அளந்தார். சிவப்புக்கு அப்பால், கண்ணுக்கு எவ்வொளியும் தெரியாத இடத்தில் வைத்த வெப்பமானியே மிக உயர்ந்து நின்றது. காணப்படாத ஒன்று அங்கே விழுந்துகொண்டிருந்தது என்பதற்கு அதுவே சான்றாயிற்று.

அகச்சிவப்புக் கதிர்களும் ஒருதன்மையன அல்ல. சிவப்பை அடுத்து நிற்கும் அண்மைக் கதிர்கள் தோலினுள் சில மில்லிமீட்டர் ஆழம் செல்ல வல்லன. மிக விலகிய சேய்மைக் கதிர்களோ தோலில் உள்ள நீரால் ஒரு மில்லிமீட்டருக்குள்ளேயே உறிஞ்சப்பட்டுவிடும். சௌனா அறைகளுட் பெரும்பாலன இவ்விரண்டாம் வகைக் கதிர்களையே வீசுகின்றன. வியப்பு யாதெனின், நம் உடலும் இக்கதிரை இடைவிடாது வீசிக்கொண்டிருக்கின்றது. 9 அல்லது 10 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் அது மிகுதியாக வெளிப்படும். கொரோனாப் பெருந்தொற்றுப் பரவிய 2020ஆம் ஆண்டில், வாயில்தோறும் நம் நெற்றிக்கு நேரே நீட்டப்பட்ட கருவி இக்கதிரை அளந்தே காய்ச்சலைக் கூறிற்று. ஒவ்வொருவரும் கண்காணா விளக்காக எரிந்துகொண்டிருக்கின்றோம் என்னலாம்.

இக்கதிர் அறைக்கு முன்னோடி ஒன்று உண்டு. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த பேட்டில் கிரீக் என்னும் ஊரில் ஜான் ஹார்வி கெல்லாக் என்னும் மருத்துவர், 1891இல் மின்குமிழ்கள் பல பொருத்திய பெட்டியொன்றைச் செய்து நோயாளிகளை அதனுள் அமர்த்தினார். அதற்கு ஏறத்தாழ நூறாண்டுக்குப் பின், 1989இல், ஜப்பானில் சுவா டெய் என்னும் மருத்துவர் இதயம் தளர்ந்த நோயாளிகளுக்கென ஒரு முறையை வகுத்தார். 60 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள அகச்சிவப்பு அறையில் 15 நிமிடம் அமர்த்துதல், பின்னர்ப் போர்வையாற் போர்த்தி 30 நிமிடம் படுக்கவைத்தல், இழந்த நீரைப் பருகச் செய்தல் என்பன அதன் கூறுகள். இதற்கு ‘வாவோன்’ என்று பெயர். இதம் தரும் வெம்மை என்பது பொருள்.

உடலினுள் நிகழ்வன:— வெம்மை பட்டதும் தோலிலுள்ள நுண்ணிய குருதிக்குழாய்கள் விரிகின்றன. அமைதியாய் இருக்கும்போது நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் குறைவாகத் தோலுக்குச் செல்லும் குருதி, கடும் வெப்பத்தில் 7 அல்லது 8 லிட்டர் வரை பெருகக்கூடும். அத்துணைக் குருதியையும் செலுத்தும் பொருட்டு இதயம் விரைந்து துடிக்கின்றது. குழாய்கள் விரிவதால் குருதியழுத்தம் சிறிது தாழ்கின்றது. இறுகிய தசைகள் நெகிழ்கின்றன. மூட்டுகளைப் பிணிக்கும் நாண்கள் இளகுகின்றன. வெம்மையுணர்வு மூளையை அடையும்போது நோவுணர்வு ஒருவாறு மங்குகின்றது. அடிபட்ட முழங்காலைக் கையால் தேய்த்துவிட வலி தணிவது போன்றதே இதுவும். பின்னர் வியர்வை அரும்புகின்றது. ஒரு கிராம் வியர்வை ஆவியாய் மறையும்போது ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தை உடலினின்று கொண்டு செல்லும். 60 பாகை அறையில் அமர்ந்தவர் வெந்துபோகாமைக்கு இவ்வியர்வையும், காற்று வெப்பத்தை எளிதிற் கடத்தாமையுமே காரணங்கள்.

கதிர் எலும்பு வரை ஊடுருவிச் சென்று குணப்படுத்துகின்றது என்று சிலர் கூறுவர். சேய்மைக் கதிர் ஒரு மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும் என்பதை மேலே கண்டோம். உள்ளே வெம்மை செல்வது மெய்யே. ஆயினும் அதனைச் சுமந்து செல்வது கதிர் அன்று, தோலில் வெதும்பிய குருதியே. இவ்வுண்மையை மனத்திற் கொள்க. குருதியோட்டம் நன்கு அமையாத உறுப்பில், வெப்பத்தை வாங்கிக்கொண்டு செல்வார் இன்றி அது தோலிலேயே தேங்கும். அங்கே புண் விளையும்.

ஆராய்ச்சி கூறுவது:— இனி, மருத்துவ ஆராய்ச்சியின் முடிவுகளை நோக்குவோம். முடக்குவாதம் உற்றார் 17 பேரும், முதுகெலும்பு இறுகும் ஒருவகை வாதம் உற்றார் 17 பேரும் நெதர்லாந்து நாட்டில் நான்கு வாரத்தில் எட்டு முறை அகச்சிவப்பு அறையில் அமர்த்தப்பட்டனர். 2009இல் வெளிவந்த அவ்வாராய்ச்சியின்படி, அறையில் இருந்த வேளையில் வலியும் மூட்டிறுக்கமும் தெளிவாகத் தணிந்தன, நோய் பெருகவுமில்லை. ஆயின் நான்கு வார முடிவில் நிலைத்த பயன் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்படவில்லை. வாவோன் முறையை ஜப்பானிற் பல மருத்துவமனைகள் கூடி, 149 இதய நோயாளிகளிடம் ஆராய்ந்து 2016இல் முடிவு கூறின. வெம்மை பெற்றோர் நடக்கும் தொலைவு முதலியவற்றில் முன்னேற்றம் கண்டனர். எனினும் முதன்மையான அளவாகக் கொண்ட குருதிச் சோதனையில் இரு பிரிவினருக்கும் இடையே உறுதியான வேறுபாடு காணப்படவில்லை.

பின்லாந்து நாட்டின் செய்தியொன்றை விளம்பரக்காரர் அடிக்கடி எடுத்துக்காட்டுவர். அங்கே 2,315 ஆடவரை ஏறத்தாழ 20 ஆண்டுகள் தொடர்ந்து நோக்கியதில், வாரத்தில் நான்கு முதல் ஏழு முறை சௌனாக் குளியல் கொண்டார், ஒருமுறை மட்டும் கொண்டாரினும் குறைவாகவே இறந்தனர் என்று 2015இல் அறிவிக்கப்பட்டது. இது மெய்யே. ஆயினும் இரண்டினை மறத்தல் ஆகாது. அவர்கள் கொண்டது அகச்சிவப்புக் கதிர் அன்று; கல்லை அடுப்பிற் சுடவைத்து அறைக் காற்றையே 80 பாகைக்கு அணித்தாகவோ மேலாகவோ உயர்த்தும் பழைய முறை. 2020இல் யுனெஸ்கோ மரபுச் செல்வமாக ஏற்றதும் அப்பண்பாட்டையே. மேலும், உடல்நலம் உடையார்தாம் நாள்தோறும் சௌனாவுக்குச் செல்ல இயலும். நலத்தால் சௌனாவா, சௌனாவால் நலமா என்பதை இத்தகைய ஆராய்ச்சி முற்றும் பிரித்துக்காட்ட இயலாது.

ஆகவே துணிந்து கூறத்தக்கது இதுவே: தசைப்பிடிப்பு, இடுப்புவலி, மூட்டிறுக்கம் ஆகியவற்றுக்கு வெம்மை சிலபொழுது ஆறுதல் தரும், மனத்துக்கும் இளைப்பாறுதல் நல்கும். அந்தச் சிறுபொழுதைப் பயன்படுத்தி மூட்டுகளை அசைத்துப் பயிற்சி செய்தால் நன்மை நிலைக்கும். உடற்பயிற்சி மருத்துவர்கள் அகச்சிவப்பு விளக்கை நெடுங்காலமாக இந்நோக்குடனே கையாளுகின்றனர். இதற்கு மேற்பட்டு உரைப்பன பெரும்பாலும் புனைந்துரை. வியர்வையோடு நஞ்செல்லாம் வெளியேறும் என்பர். வியர்வை பெரும்பாலும் நீரும் உப்புமே. கழிவுகளை அகற்றும் பெரும்பணி கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் உரியது. அரைமணியில் அரைக் கிலோ எடை குறைந்தது என்பர். குறைந்தது நீர், இரண்டு குவளை தண்ணீர் பருகியதும் அது திரும்பிவிடும்.

எங்கள் இல்லத்து நிகழ்ச்சி:— என் தந்தையார் திருமழிசைத் தொழிற்பேட்டையிற் கடைசல் வேலை செய்பவர். நீரிழிவு அவரைப் பற்றி 12 ஆண்டுகள் ஆகின்றன. கால்கள் மரத்துவிட்டன என்றும், நடக்கும்போது பஞ்சின்மேல் மிதிப்பது போல் உள்ளது என்றும் சில ஆண்டுகளாகக் கூறிவந்தார். சென்ற ஆண்டு மழைக்காலத்தில், குருதியோட்டம் பெருகினால் மரப்பு நீங்கும் என்று யாரோ சொல்லக் கேட்டு, அகச்சிவப்பு விளக்கொன்றை இரவல் வாங்கி வந்தார். விளக்கை ஒன்றரை முழத் தொலைவில் வைத்தார். காலுக்குச் சூடே தெரியவில்லை. விளக்குப் பழுது போலும் என்றெண்ணி ஒரு சாண் தொலைவுக்கு நெருக்கினார். செய்தித்தாளைப் படித்தவாறே அரைமணிப் பொழுது அமர்ந்திருந்தார்.

அன்றிரவு பாயிலே ஈரம் கண்டு என் தாயார் விளக்கேற்றிப் பார்த்தார். வலப்பாதத்தின் மேற்புறத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம் எழுந்து உடைந்து, தோல் உரிந்து கிடந்தது. நான் பதறி, “அப்பா, வலிக்கவில்லையா?” என்றேன். உறக்கம் கலைந்து எழுந்த அவர், “எது?” என்று கேட்டார். அந்த ஒரு சொல் இன்றும் என் செவியில் ஒலிக்கின்றது.

மறுநாள் மருத்துவர் அவரைக் கண்களை மூடச் செய்து, மெல்லிய நைலான் இழையொன்றால் அடிகளைப் பத்து இடங்களில் தொட்டார். 10 கிராம் எடையளவே அழுத்தும் அவ்விழை பட்டதும் ‘ஆம்’ என்று சொல்லவேண்டும். பத்தில் இரண்டு இடங்களில் மட்டுமே என் தந்தையார் விடை கூறினார். புண் ஆற மூன்று திங்களுக்கு மேலாயிற்று. அத்தனை நாளும் ஊதியமில்லை. அப்பருவத்திற்குரிய என் கல்லூரிக் கட்டணம் என் தாயாரின் காதணிகளை அடகு வைத்தே செலுத்தப்பட்டது. விரல் எதனையும் வெட்டாமற் காத்தமைக்காக இறைவனுக்கு நன்றி செலுத்துகின்றோம்.

ஆயா என்று நாங்கள் அழைக்கும் என் பாட்டியார் அந்நாளில் தம் மகனிடம் கூறிய ஒன்று உண்டு. இடுப்புவலிக்கு அவர் தவிட்டு ஒற்றடம் கொடுப்பதில் வல்லவர். முடிச்சைத் தம் புறங்கையில் வைத்துப் பார்த்த பின்னரே பிறர்மேல் வைப்பார், வைக்குந்தோறும் “சுடுதாப்பா?” என்று கேட்பார். புண்பட்ட காலைப் பார்த்து அவர் சொன்னார்: “இனிமேல் உன் காலை நம்பாதேப்பா. என் கையை நம்பு.” இதனினும் சிறந்த மருத்துவ விதியை நான் எந்நூலிலும் கண்டிலேன்.

உணர்வே காவல்:— பாட்டியார் கூறியதன் உண்மையை அறிவியல் எவ்வாறு விளக்குகின்றது என்பதைக் காண்போம். 1947இல் மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இருவர், தோல் எவ்வளவு வெப்பத்தை எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை அளந்தனர். தோல் 44 பாகையில் இருக்குமாயின் அது வெந்துபோக ஏறத்தாழ 6 மணி நேரம் ஆகும். அதற்குமேல் ஒவ்வொரு பாகை ஏறுந்தோறும் அக்காலம் ஏறக்குறையப் பாதியாகச் சுருங்கும். 60 பாகையிற் சில நொடிகளே போதும். இனி, வெம்மை வலியாக மாறுவது எப்பொழுது? ஏறத்தாழ 43 பாகையில். அதாவது, தோல் புண்படத் தொடங்கும் எல்லைக்குச் சற்று முன்னரே வலி என்னும் காவலன் நிறுத்தப்பட்டிருக்கின்றான்.

அவ்வெல்லையில் விழிக்கும் புரதம் ஒன்று நரம்பின் முனைகளில் உள்ளது. அதனை 1997இல் கண்டறிந்தவர் டேவிட் ஜூலியஸ். இத்துறையில் ஆற்றிய பணிக்காக 2021ஆம் ஆண்டின் நோபெல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது. அதனைக் காணத் துணைநின்றது மிளகாயின் காரம். காரமும் சூடும் ஒரே கதவைத் தட்டுகின்றன என்பது அவர் கண்ட உண்மை. மிளகாய் அரைத்த கையும் தீயிற் பட்ட கையும் ‘எரிகின்றது’ என்று ஒரே வினையாற் கூறும் நம் மொழி வழக்கை இங்கு நினைக்க இன்பம் பிறக்கின்றது. உயிர்களை அறிவின் அடைவால் வரிசைப்படுத்திய தொல்காப்பியரும், புல்லுக்கும் மரத்துக்கும் உரிய முதலறிவாகத் தொடுவுணர்வையே வைத்தார். எல்லா அறிவுக்கும் அடிப்படையாகிய அவ்வறிவு ஓர் உறுப்பில் அவிந்துவிடின், காவலன் இல்லாத வாயிலை ஒக்கும் அவ்வுறுப்பு.

இதனை உலகுக்கு விளங்க உரைத்தவர்களுள் ஒருவர் தமிழ்நாட்டோடு பிறப்பாலும் தொண்டாலும் பிணைந்தவர். பால் பிராண்ட் என்னும் அம்மருத்துவர் 1914இல் கொல்லிமலையில் அருட்பணியாளர் இல்லத்திற் பிறந்தவர். 1946 முதல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிற் பணியாற்றியவர். தொழுநோயாளரின் விரல்கள் தாமே அழுகி உதிர்கின்றன என்று உலகம் நம்பியிருந்த காலம் அது. அவரோ, நோய் உணர்வைக் கெடுக்க, உணர்வற்ற கை சூடான பாத்திரத்தையும் கூரிய கருவியையும் அஞ்சாது பற்றிப் புண்பட்டுப் புண்பட்டே தேய்கின்றது என்று காட்டினார். 1966இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குச் சென்ற பின்னரும், உணர்விழந்த பாதங்களில் எவ்விடம் சூடேறியுள்ளது என்பதை வெப்பப் படத்தால் நோக்கி, புண் வெளிப்படுமுன்னரே அதனை அறிய முயன்றார். நீரிழிவால் மரத்த கால்களுக்கும் இவ்வறிவு பயன்பட்டது. ஒரு பாதத்தின் ஓரிடம் மற்றைப் பாதத்தின் அதே இடத்தைவிட 2.2 பாகை மிகுந்து தொடர்ந்து சுடுமாயின், அங்கே புண் தோன்றக்கூடும் என்னும் எச்சரிக்கையாக இன்று மருத்துவர் அதனைக் கொள்கின்றனர். காலைச் சுட்ட அதே அகச்சிவப்புக் கதிர், அளப்பார் கையிற் கருவியாகும்போது காலைக் காக்கவும் வல்லது என்பது நினைக்கத் தக்கது.

கொள்ளவும் தள்ளவும் வேண்டுவன:— மேற்கூறியவற்றால் நாம் தெளியத்தக்க விதிகளைத் தொகுத்துரைப்பேன். நீரிழிவாலோ தொழுநோயாலோ முதுகுத்தண்டின் சிதைவாலோ உணர்வு குன்றிய உறுப்பில் விளக்கையும் வெந்நீர்ப் பையையும் வைத்தல் கூடாது. குருதியோட்டம் குன்றிய காலுக்கும் இவ்விதி பொருந்தும். இன்சுலின் செலுத்திய இடத்தைச் சூடாக்கினால் மருந்து விரைந்து குருதியிற் கலந்து, சர்க்கரை அளவு திடீரெனத் தாழ்ந்துவிடும். அண்மையில் மாரடைப்பு உற்றாரும், ஓய்ந்திருக்கும்போதும் நெஞ்சுவலி தோன்றுவாரும், குருதியழுத்தம் மிகத் தாழ்ந்தாரும் மருத்துவரைக் கேளாமல் வெப்ப அறையினுட் புகலாகாது. ஜப்பானிய ஆராய்ச்சியில் இதய நோயாளிகள் நலமுற்றனர் எனின், அவர்கள் மருத்துவர் கண்காணிப்பில் இருந்தமையை மறவற்க. கருவுற்ற மகளிர், அதிலும் தொடக்கத் திங்களில், இதனை விலக்குக. தாயின் உடல்வெப்பம் மிகுந்தால் கருவின் நரம்புத்தண்டு கேடுறக்கூடும். மது அருந்தியாரும் காய்ச்சலுற்றாரும் நெருங்கலாகாது. புதிதாக அடிபட்டு வீங்கிய இடத்தில் முதல் இரண்டு நாள் சூடு வேண்டா. விளக்கைக் கண்ணாற் கூர்ந்து நோக்கற்க. கண்மணியின் வில்லையிற் குருதி ஓடாமையால், அது ஏற்ற வெப்பம் எளிதில் நீங்காது. கண்ணாடி ஊதும் தொழிலாளர்க்கு உலையின் கதிரால் கண்புரை விளைந்தமை மருத்துவ உலகம் நெடுநாளாக அறிந்தது.

இவற்றின் நீங்கிய நலமுடையார் கொள்ள விரும்பின், 45 முதல் 60 பாகைக்கு உட்பட்ட அறையில் முதலிற் பத்து நிமிடத்துக்கு மேற்படாது அமர்க. முன்னும் பின்னும் நீர் அருந்துக. தலை சுற்றினாலும் நெஞ்சு படபடத்தாலும் உடனே வெளிவருக. தனித்து இருத்தல் வேண்டா; குரல் கேட்கும் தொலைவில் ஒருவர் இருத்தல் நன்று. எழும்போது மெல்ல எழுக; விரிந்த குழாய்களிற் குருதி கீழிறங்கி மயக்கம் தோன்றுவது உண்டு.

மற்றொன்று. பின்லாந்தும் வட ஜப்பானும் உறைபனி நாடுகள். அவர்க்கு வெப்ப அறை இன்றியமையாத இன்பம். அம்பத்தூரிலும் ஆவடியிலும் திருமழிசையிலும் தகரக் கூரையின்கீழ் நாள் முழுதும் வியர்த்து உழைப்பவர்க்கு மேலும் ஒரு வெப்ப அறை எதற்கு? கடற்காற்றின் ஈரம் மிகுந்த நம் நாட்டில் வியர்வை எளிதில் ஆவியாவதில்லை. ஆவியாகாது சொட்டும் வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. அக்கினி நட்சத்திர நாளில் அவர்களுக்குத் தேவையான மருந்து நிழலும் குடிநீரும் இடையிடையே ஓய்வுமே. வெம்மை மருந்தாவது குறைந்த இடத்தில். மிகுந்த இடத்தில் அதுவே நோய்.

முடிவுரை:— நோயையும் அதன் காரணத்தையும் அறிந்து, நோயாளியின் நிலைக்கு ஏற்பச் செய்க என்பது வள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் மருத்துவர்க்கு உணர்த்திய நெறி. கருவிக்குச் சூடு தெரியும்; யாருடைய கால் என்பது தெரியாது. ஒற்றடத்தின் சிறப்பு தவிட்டிலும் இல்லை, உப்பிலும் இல்லை. ஒருவர் தம் கையில் முதலிற் சுட்டுப் பார்த்து, வைத்து, எடுத்து, வினவும் அவ்வன்பில் உள்ளது. அகச்சிவப்பு விளக்கைப் பழிக்க வேண்டா. அது நல்ல கருவி. அதன் அருகே வினவும் ஒருவர் இருக்கட்டும் என்பதே என் வேண்டுகோள். இதனைப் படிக்கும் நண்பர்களுள் எவர் இல்லத்திலேனும் நீரிழிவுற்ற முதியோர் இருப்பின், இன்றே அவர் பாதங்களைக் கையிலெடுத்து நோக்குக.

எங்கள் தெருமுனையில் மார்கழித் தீ எரியுங்கால் என் தந்தையார் இப்பொழுது சற்று விலகியே நிற்கின்றார். நாள்தோறும் அவர் குளிக்கும் வெந்நீரில் முதலில் அமிழ்வது அவர் கால் அன்று, என் கை.